495

வாவிப்பக்க யன்னல்கள் திறந்து கிடக்கின்றன. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் பின்னேர வெயில் வெண்பலகையில் நெளிகிறது. அதன் முன்னால் பேனையோடு நிற்கிறாள் தனுஷா. "மூண்டு இலக்கம் சொல்லுங்க, மூண்டும் ஒண்டா இருக்கக் கூடாது." பயிற்சிப் பட்டறைக்கு வந்திருக்கும் கணித ஆசிரியர்களில் ஒருவர் மூன்று, ஐந்து, இரண்டு என்கிறார். அவற்றால் ஆகும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிக்கிறாள். வந்த விடையின் இலக்கங்களையும் அப்படியே மாற்றி அடுக்கிக் கழிக்கிறாள். நாலாம் முறை 495 வருகிறது. "இனி அசையாது. 954இல 459 போனாலும் 495தான். எதில தொடங்கினாலும் இதிலதான் முடியும்." கைதட்டுகிறார்கள். "என்ட மூளையில உதிச்ச பாடம், சேர்" என்கிறாள், முன்வரிசையில் இருக்கும் பாட ஆலோசகரிடம்.

மூன்றாம் வரிசையில் இருக்கும் கம்சாயினி மட்டும் கைதட்டவில்லை. அது அவள் கட்டிய பாடம். போன கிழமை தன் வீட்டுக் குசினியில் சமைத்தபடி, சிநேகிதியென்று நம்பித் தனுஷாவுக்குச் சொல்லிக் காட்டியது. 'அசையாது' என்ற சொல்கூட அவளுடையதுதான்.

"ஏன் பிள்ளை, எல்லாம் 495இலயே முடியுது?" என்று கேட்கிறார் ஆலோசகர். தனுஷா பேனை மூடியைத் திருகுகிறாள். அன்று கம்சாயினி விளக்கம் சொன்னபோது அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் கண்கள் கம்சாயினியைத் தேடிப் பிடிக்கின்றன, 'சொல்லன் மச்சாள்' என்று எப்போதும் கெஞ்சுவதுபோல. விடை கம்சாயினியின் நாக்கு நுனியில் இருக்கிறது. அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடக்கிறாள்.