நடுவில் உடைய வேண்டும்

மூன்றாவது கம்பியும் உடையவில்லை. குழாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

கார்பன் இழைக் கம்பி. பென்சில் பருமன்தான், ஆனால் ஒரு லாரியையே தொங்கவிடலாம். ரயில் பாதைக்கு மேலே வரப்போகும் நடைபாலத்தை இந்தக் கம்பிகள்தான் தூக்கிப் பிடிக்கப் போகின்றன.

இரும்பைப் போல இதைக் கவ்விப் பிடித்து இழுக்க முடியாது. நசுங்கிவிடும். அதனால் இரண்டு முனைகளையும் இரும்புக் குழாய்க்குள் விட்டு, பசை ஊற்றி இறுகவைத்து, குழாயைப் பிடித்து இழுப்பார்கள். கம்பி நடுவில் உடைந்தால் வெற்றி. குழாயிலிருந்து உருவிக்கொண்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஒரு பொருள் உடையவில்லையே என்று கவலைப்படும் ஆட்கள் இந்தக் கல்லூரிச் சோதனைக் கூடத்தில்தான் இருப்பார்கள்.

தடுப்பு வலைக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து நின்றிருந்தார். பசை அவருடையது. ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில், பல வருடம் மாய்ந்து மாய்ந்து செய்த பசை.

பேராசிரியர் வந்து பார்த்தார். இனிப் பொறுப்பதற்கில்லை, வெளிநாட்டுப் பசையையே வாங்கிவிடலாம் என்றார். போன வாரம் அவளே சொன்ன யோசனைதான் அது.

நாச்சிமுத்து மேசைமேல் இருந்த தன் பசை டப்பாவின் மூடியை இறுக்கினார். ஏற்கெனவே இறுகியிருந்த மூடி. திரும்பவும் இறுக்கினார்.

அதைப் பார்க்கமாட்டாமல் அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். உருவி வந்த முனையை வெளிச்சத்தில் பிடித்தாள்.

பசை ஒட்டிய இடமெல்லாம் சொரசொரப்பு. ஆங்காங்கே மட்டும் வழவழவென்று கருப்புத் திட்டுகள். அங்கே பசை பிடிக்கவே இல்லை.

ஒரு திட்டு பெரியது. அதற்கு எதிர்ப்பக்கம் இரண்டு சிறியவை.

பெரியதன்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

பொருந்தியது.

குழாய்க்குள் கம்பியை நடுவாக நிறுத்தும் வேலையை அவள் யாரிடமும் விட்டதில்லை. கம்பியைச் சுத்தமாகத் துடைத்ததும் கையுறையைக் கழற்றிவிடுவாள். வெறும் விரலுக்குத்தான் நடு தெரியும் என்பாள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

தேங்காய் எண்ணெய்.

தினமும் காலையில் மகள் தன்விகாவுக்கு இரட்டைச் சடை. இரண்டாம் வகுப்புக்கு அத்தனை முடி ஆகாது. எண்ணெய் வைக்காவிட்டால் சிக்கு. சிக்கு விழுந்தால் அழுகை. அழுது முடிப்பதற்குள் பள்ளி வேன் போய்விடும்.

யாரும் கவனிக்கவில்லை. கழிவு போடும் பீப்பாய் காலடியிலேயே இருந்தது. முந்தைய இரண்டு கம்பிகளும் அதற்குள்தான் கிடந்தன. இதையும் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது.

நாச்சிமுத்து டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டார். அவளைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். உங்களுக்கு வீண் சிரமம் கொடுத்துவிட்டேன் என்கிற சிரிப்பு.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"டப்பாவ வெளிய எடுத்து வைங்கண்ணா," என்றாள். "பசை நல்லாத்தானுங்க இருக்குது. எங் கையிலதான் எண்ணெய்."

பேராசிரியர் கம்பியை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். மீதி ஒரு கம்பிதான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் தன்விகாவுக்குச் சடை பின்னியது அவள் அப்பா.

ஒரு சடை காதுக்கு மேலே. இன்னொன்று எங்கேயோ கழுத்துக்குக் கீழே.

வேன் ஏறும்போது குழந்தை கையை நீட்டினாள். அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கையுறை போடப்போகிறவள்தான். இருந்தாலும் பயம்.

அன்று கையுறையைக் கழற்றவில்லை. விரலுக்கு நடு தெரியவில்லை. அளவுகோலை வைத்து அளந்து நிறுத்தினாள்.

பசை இறுக ஒரு வாரம். அந்த வாரம் முழுவதும் அப்பா பின்னிய சடைதான்.

எட்டாம் நாள், இயந்திரத்தின் திரையில் இழுவிசையின் எண் ஏறியது. முன்பு வழுக்கிய இடத்தைத் தாண்டியது.

டிக்கென்று ஓர் இழை அறுந்தது. பிறகு இன்னொன்று.

நாச்சிமுத்து காதுகளைப் பொத்திக்கொண்டார்.

வெடித்தது.

கம்பி நடுவில், ஈர்க்குமாற்றைப் போல விரிந்து நின்றது. இரண்டு குழாய்களும் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை.

நாச்சிமுத்து காதிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணைத் துடைக்க ஒரு கை வேண்டியிருந்தது. அப்போதுதான் எடுத்தார்.

மறுநாள் காலை அவள் உள்ளங்கை நிறைய எண்ணெயை ஊற்றிக்கொண்டு, மகளைக் கூப்பிட்டாள்.