பிளான் படிக்கத் தெரிந்தவர்

மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், புதிதாக வந்த உலர்த்தும் இயந்திரத்தின் நீல வரைபடம் பெட்டிகளின் மேல் விரிந்து கிடக்கிறது. சன்னலில் நுழையும் மங்கல் வெளிச்சம் ஹெட் பிட்டர் மரியசூசையை விட்டுவிட்டு, எஸ்டேட் துரை வரவழைத்த, பிளான் வரைகிற டிராப்ட்ஸ்மேன் சகாயத்தின் பென்சில் முனையில் போய் விழுகிறது. வெளிச்சத்துக்குக்கூட ஆள் தெரியவில்லை. இத்தனை காலம் இங்கே பிளான் படிக்கத் தெரிந்த ஒரே மனிதர் மரியசூசைதான். அதாவது, கண்ணாடி மாட்டிக்கொண்டு அதன் முன்னால் செருமத் தெரிந்த ஒரே மனிதர். இப்போது தொழிலாளர் கூட்டமெல்லாம் சகாயத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. "வட்டத்துக்குக் குறுக்க கோடு இழுத்திருந்தா விட்டம். சி.ஐ.ன்னு போட்டிருந்தா வார்ப்பிரும்பு" என்கிறான் சகாயம். "எம்மாடி!" என்று வாய்பிளப்பவள் வேறு யாருமில்லை, மரியசூசையின் மனைவி ஞானஜோதி. "அப்ப இந்த விட்டுவிட்டுப் போற கோடு என்ன தம்பி? அடுத்த வருசம் செய்ய வேண்டிய வேலைன்னுல்லா எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு?" "இல்லக்கா, பின்னால மறைஞ்சிருக்கிற பாகம்." யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். "அண்ணனுக்குத் தெரியாததா? விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரு" என்று சகாயம் பரிவோடு சேர்க்கிறான். அந்தப் பரிவைத்தான் மரியசூசையால் தாங்க முடியவில்லை. "எனக்கு வேல கெடக்கு" என்று, தாளின் மூலையை அழுத்திக்கொண்டிருக்கும் தன் ஸ்பேனரை வெடுக்கென்று எடுத்துக்கொள்கிறார். தாள் சுருண்டு சகாயத்தின் கையை மூடுகிறது. ஞானஜோதி அவசரமாக அதை விரித்து, கணவருக்கென்று சுடச்சுடச் சோறு கொண்டுவந்த தூக்குச்சட்டியை அந்த மூலையில் வைக்கிறாள். "நீ சொல்லு தம்பி."