உடையப்பன் வீட்டு மோட்டார்

முதல் அடியிலேயே ஸ்டார்ட்டர் பெட்டி சுவரைவிட்டுப் பெயர்ந்து விழுந்தது.

ஆத்மநாதன் கடப்பாரையை நிறுத்தவில்லை. பெல்ட் அறுந்தது. கம்ப்ரசர் மோட்டார் வாயைப் பிளந்தது. பட்டப்பகலில் பக்கத்து வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு, பாம்பை அடிப்பவர் போல அடித்தார்.

மூன்று வருஷமாக இந்தச் சத்தம்தான் அவரைத் தூங்கவிடவில்லை. ராத்திரியெல்லாம் திருட்டுத்தனமாக மோட்டாரை ஓட்டித் தன் கிணற்றை வற்ற வைக்கிறான் என்று உடையப்பன் பெயரை ஊர் பூராவும் நாறடித்துவிட்டார். அவன் சூடம் அடித்துச் சத்தியம் செய்தும் எடுபடவில்லை. அவன் மகனுக்குத் தன் மகள் காவ்யாவைப் பேசி முடித்திருந்ததையும் முறித்துப்போட்டார். திருடன் வீட்டுக்குப் பெண் கொடுப்பதா?

உடையப்பன் ஓடிவந்து கடப்பாரையைப் பிடித்தான். ஆத்மநாதன் நெஞ்சில் ஓங்கி உதைத்தார். மல்லாந்து விழுந்தவனின் மண்டை தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மோதியது. ரத்தம் கழுத்து வழியாக இறங்கிச் சட்டையை நனைத்தது. பாவம், அப்போதும் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஆட்கள் வந்து ஆத்மநாதனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்கள்.

“விடுங்கப்பா. இப்பத்தான் நின்னுச்சு,” என்றார் மூச்சிரைக்க. “மூணு வருசத்துச் சத்தம், இப்பத்தான் நின்னுச்சு.”

அப்படியானால் மனுஷன் சொன்னது நிஜம்தான் போலிருக்கிறது என்று கூட்டம் முணுமுணுத்தது.

காவ்யா மட்டும் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் அவரைப் புதுக்கோட்டைக்குக் காது டாக்டரிடம் கூட்டிப்போனவள் அவள்தான்.

கல் கிரஷரில் வேலை பார்த்துக் கிடந்த காலத்திலேயே காது கெட்டுவிட்டது என்றார் டாக்டர். காதிலிருந்து வரவேண்டிய சத்தம் வராததால், மூளை அதைத் தேடித் தேடித் தானே ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது. வெளியே எந்த மோட்டாரும் ஓடவில்லை. இதைக் கத்திக் கத்தி, இரண்டு முறை சொன்னார்.

ஆத்மநாதனுக்கு எல்லாம் நன்றாகவே விளங்கியது. விளங்கியதால்தான் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கடப்பாரையைத் தூக்கினார். மோட்டாரை நொறுக்கிவிட்டால், சத்தம் நின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கடைசிவரை உடையப்பனே திருடனாக இருந்துவிட்டுப் போவான்.

காவ்யா தன் துப்பட்டாவை உருவி உடையப்பன் தலையில் இறுக்கிக் கட்டினாள். பிறகு எழுந்து கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

ஒவ்வொரு முகமாகத் தன் பக்கம் திரும்புவதை ஆத்மநாதன் பார்த்தார். அவள் வாய் அசைவதுதான் தெரிந்தது. காதுக்குள் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.