ஜிகினாவின் மேடை

ஜிகினா என்ற விடலைச் சேவலுக்கு அன்று கூட்டமே இல்லை. கோழிகளெல்லாம் புதிதாக வந்த கிளியின் பாட்டைக் கேட்கப் போய்விட்டன. வாலில் செருகிய மிட்டாய்த் தாள்கள் மின்ன, வழக்கமாக ஆடும் கல்லின் மேல் ஏறினான்.

"இன்னைக்கு ஆடுறதோட சரி. நாளையிலேர்ந்து நானும் குப்பையைக் கிளறப் போறேன்!" என்று ஆத்திரத்தோடு ஒற்றைக் காலில் சுழன்றான்.

கல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அடியிலிருந்து ஓர் ஆமைத் தலை நீண்டது. ஜிகினா பதறிக் கீழே குதித்தான்.

"ஐயையோ! இத்தனை நாளா உங்க முதுகுலயா ஆடினேன்?"

"ஆமா தம்பி. உன் ஆட்டத்தைக் கண்ணால பார்த்ததில்லை. ஆனா நீ சுத்தினா கூச்சம் தாங்காம சிரிச்சு சிரிச்சு வயிறே வலிக்கும். கூட்டத்தோட சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது. நிறுத்திடாதப்பா."

ஜிகினாவுக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. குஞ்சாக இருந்தபோது, அழுத தங்கச்சிக்கு முன்னால் குட்டிக்கரணம் போட்டு அவளைச் சிரிக்க வைத்த அன்றும் இப்படித்தான் சிலிர்த்தது. ஸ்டார் ஆகும் ஆசை பிடித்ததே அன்றைக்குத்தான்.

மறுபடி ஏறிச் சுழன்றான். மிட்டாய்த் தாள்கள் உதிர்ந்து பறந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை.

பாட்டு முடிந்து கோழிகள் ஓடிவந்தன. "எங்களுக்கு இடம் இருக்கா?"

"ஓரமா நின்னு பாருங்க," என்று கத்தினான் ஜிகினா. "ஹவுஸ்ஃபுல்!"