குழல் கோணல்

"செல்லமுத்து துப்பாக்கியப் பாத்து கொரங்குங்க ரொம்ப பயந்து போச்சாம். பயத்துல ரெண்டு கதிரு ஜாஸ்தி துன்னுதாம்!"

டவுன் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து யாரோ சொன்னார்கள். பஸ்ஸே சிரித்தது.

பின் சீட்டில் இருந்த ஆண்டாள் சிரிக்கவில்லை. செல்லமுத்து அவள் புருஷன். அந்த ஏர் கன் துப்பாக்கி, பழைய சேலையில் சுற்றி, அவள் முழங்காலில்தான் சாய்ந்திருந்தது.

பக்கத்தில் இருந்த நிர்மலா குனிந்து கேட்டாள். பக்கத்து நிலத்துக்காரி.

"இன்னாக்கா, மறுபடியும் ரிப்பேரா?"

"ரிப்பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம். திருப்பிக் குடுத்துட்டு வரப்போறேன். இந்த வாரத்துக்குள்ள போனா கடைக்காரன் வாபஸ் எடுத்துக்குவானாம்."

"மாமா விடுவாரா?"

"அவரக் கேட்டா ஆவுமா? ரெண்டு தடவ கடைக்குத் தூக்கிக்கினு போனாரு. ரெண்டு தடவையும் அதே பேச்சு. குழல் கோணலாம், நேரா நிமித்த முடியலியாம்."

"பாவம், ஏமாந்துட்டாரு."

"ஏமாறவே பொறந்த மனுசன்."

மக்காச்சோளம் கதிர் பிடித்ததிலிருந்து கல்வராயன் மலையிலிருந்து குரங்குகள் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன. தகரம் தட்டினார்கள். பட்டாசு கொளுத்தினார்கள். குரங்குகள் வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. சத்தம் ஓய்ந்ததும் தின்ன ஆரம்பித்தன.

செல்லமுத்துவை நச்சரித்துத் துப்பாக்கி வாங்க வைத்தவள் ஆண்டாள்தான்.

"சும்மா மெரட்டாதீங்க. ஒண்ணையாவது அடிங்க. ஒண்ணு உழுந்தா மத்ததுங்க மலையேறிடும்."

வாங்கிய மறுநாளே அவர் அதைப் பரண்மேல் போட்டுவிட்டார். "குழல் கோணல். ஒண்ணுமேலயும் படல." ரிப்பேருக்கென்று ரெண்டு தடவை இறக்கித் தூக்கிக்கொண்டு போனதோடு சரி. கதிர் போய்க்கொண்டே இருந்தது. அவர் நிலத்துக்குப் போவார், வருவார், சோறு சரியாகத் தின்னமாட்டார். காசு போன கவலை என்று ஆண்டாள் நினைத்துக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சியில் கடைக்காரர் வெற்றிவேல் சேலையைப் பிரித்துத் துப்பாக்கியை எடுத்தார். கடைக்குப் பின்னால் சுவரில் ஒரு அட்டை, அதில் கரிப்புள்ளி.

டப்.

புள்ளி இருந்த இடத்தில் ஓட்டை. இன்னொரு தடவை சுட்டார். அதே ஓட்டைக்குள் போனது.

"நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்குதுங்கம்மா. ஒரு கோளாறும் இல்ல. நல்ல பொருள எப்படி வாபஸ் வாங்கறது?"

"இன்னாங்க இப்படிச் சொல்றீங்க? நீங்கதானே ரெண்டு தடவ ரிப்பேர் பாத்தீங்க?"

"நானா?" வெற்றிவேல் துப்பாக்கியைக் கீழே வைத்தார். "உங்க வூட்டுக்காரரு வாங்கிக்கினு போனதோட சரி. இன்னிக்கித்தான் இத மறுபடியும் பாக்கறேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் ஆண்டாள் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தாள். சுடத் தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுதானே? கடைக்குன்னு சொல்லிட்டு எங்க போய் ஊர் சுத்தினாரு?

கச்சிராயபாளையத்தில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக நிலத்துக்கு நடந்தாள்.

செல்லமுத்து வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இளங்கதிராகப் பார்த்து ஒடித்து, மட்டையை உரித்து, எதிரே இருந்த கல்மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆண்டாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் போனாள்.

அப்போதுதான் கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்த குரங்கைப் பார்த்தாள்.

அது கதிரைத் தொடவில்லை. ஒரு கையால் குட்டியை மார்போடு அணைத்திருந்தது. குட்டியின் தலை தொங்கிப் போயிருந்தது. அதன்மேல் உட்காரும் ஈக்களைத் தாய் இன்னொரு கையால் ஓட்டிக்கொண்டிருந்தது.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்குதாம்." சேர்த்து வைத்திருந்ததில் அவள் வாயில் வந்தது அது ஒன்றுதான்.

"தெரியும்." செல்லமுத்து திரும்பவில்லை. "குறி தப்புதுன்னு எல்லாரும் சிரிக்கறாங்க. தப்பியிருந்தா நல்லாருந்திருக்கும். மொத குண்டு. அன்னியிலருந்து கீழயே வெக்காம தூக்கிக்கினு சுத்துது."

"கடைக்குன்னு போனீங்களே?"

"ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனேன். வாசல்லயே உக்காந்துட்டு வந்துட்டேன். உள்ள போவ கால் வரல."

குரங்கு குட்டியின் முகத்தைத் திருப்பிப் பார்த்தது. மறுபடி அணைத்துக்கொண்டது.

"என்னாண்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

செல்லமுத்து இன்னொரு கதிரை உரித்தார்.

"அடிக்கச் சொன்னவ நீ. சொன்னா நீயும்ல சுமக்கணும்."

மறு வாரம் அதே டவுன் பஸ். கள்ளக்குறிச்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள் ஆண்டாள். முன் சீட்டிலிருந்த நிர்மலா திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"இன்னாக்கா, துப்பாக்கி இன்னா ஆச்சு? வாபஸ் வாங்கிக்கினானா?"

"எங்க வாங்கினான்! கெணத்துல தூக்கிக் கடாசிட்டேன். எங்க வூட்டுக்காரரு சொன்னது சரிதான். குழல் சுத்தக் கோணலு" என்றாள் ஆண்டாள்.

பஸ் சிரித்தது.

அவள் மடியிலிருந்த வாழைப்பழச் சீப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள்.