உயிர் காத்த கட்டை

"இது என்ன மரம்னு மட்டும் சொல்லிடுங்க மேடம். வீட்டு வாசல்ல ஒண்ணு நட்டு, புள்ள மாதிரி வளர்க்கணும்."

அந்தப் பெண் துணியைப் பிரித்து, கை நீளக் கட்டை ஒன்றை மேஜைமேல் கிடத்தினாள். தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பவள்கூட அத்தனை பதவிசாக வைக்க மாட்டாள்.

தாவர ஆராய்ச்சியாளருக்குச் சிரிப்பு வந்தது. "அப்படி என்னம்மா விசேஷம் இதுல?"

"எங்க வீட்டுக்காரர் உயிரைக் காப்பாத்தினதே இதுதான். அதுவரைக்கும் நான் அவரைத் திட்டாத நாள் கிடையாது. பெட்டியைக் கட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பற அளவுக்குப் போயிடுச்சு. மனுஷன் செத்துப் பொழைச்சு வந்தாரு பாருங்க, இந்த ஆறு மாசமா நான் ஒரு சுடுசொல் சொன்னதில்லை."

வாசற்படியில் நின்ற வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "கட்டைக்குப் பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். வா, போலாம்."

"அட, இருங்க சார்!" ஆராய்ச்சியாளருக்கு ஆர்வம் தாங்கவில்லை. கட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த காய்ந்த குச்சியை லென்ஸுக்கு அடியில் வைத்தாள். தடித்த சின்ன இலைகள். ஓரம் இரண்டும் கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருந்தன. பட்டை இடுக்கில் ஒரு விதை மாட்டியிருந்தது. அதற்கு இறகுபோல நீளமாக ஒரு வால்!

"அடேங்கப்பா! இது மரம்கூட இல்லம்மா, புதர். நம்ம மலைக்கே சொந்தமானது. வருஷம் பூரா பச்சையா நிக்கும். சொன்னா நம்ப மாட்டீங்க, இது ரோஜாவுக்குப் பங்காளி!"

"ரோஜாவுக்கா? ஒரு முள்ளைக்கூடக் காணோமே!"

"பூவும் ரோஜா மாதிரி இருக்காது. குடும்பம் மட்டும் ஒண்ணு. ஆனா உங்க வாசல்ல வருமான்னு தெரியலை. இது உசரத்துல, பாறை இடுக்குலதான் வளரும்."

"மலையிலயா? வேற எங்கயும் வராதா?"

"வராது. சந்தேகமே வேண்டாம், இன்னொரு சோதனை இருக்கு." ஒரு சிராயைச் சீவி, குடிக்க வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் போட்டாள். அது நேராக அடியில் போய் உட்கார்ந்தது. "பாத்தீங்களா? அதேதான்! காய்ஞ்சாலும் கல்லு மாதிரி முழுகிடும், அவ்வளவு கனம்."

அந்தப் பெண் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இது எப்படி அவர் உயிரைக் காப்பாத்துச்சுன்னு சொல்லவே இல்லையே?"

"சீட்டாடற கூட்டத்தோட மலைக்குப் போகவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன் மேடம். அதனால ஏரிக்கு மீன் புடிக்கத்தான் போனாராம். படகு கவுந்து, ரெண்டு நாளா இந்தக் கட்டையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே மிதந்தாராம்."

அவள் கட்டையை இரண்டு கையாலும் தூக்கி, கனம் பார்த்தாள். "என்னங்க, கொஞ்சம் உள்ளே வாங்களேன்!" என்று ஆறு மாதத்தில் முதன்முறையாகக் குரலை உயர்த்தினாள்.

வாசற்படியில் யாரும் இல்லை; வெளியே ஸ்கூட்டரை அவசர அவசரமாக உதைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.