சமாதானக் கறி

"மாமா, யோகாஸ்தா பெட்டி கட்டுறா. எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று அக்கா மகன் வில்கின் போனில் அழுதான்.

தனிக்கட்டையான எலூத்தேரியோ மாமா சலூனைப் பாதியில் மூடிவிட்டு, வறுத்த பன்றித்தொடையோடு ஓடினார். வில்கினின் சம்பளம் போதாதென்று, டொமினிக்கன் நாட்டிலிருந்து அவன் மனைவி யோகாஸ்தாவை நியூயார்க்குக்கு வரவழைக்க அவரும் பொறுப்புக் கையெழுத்துப் போட்டிருந்தார். புருஷன் விவாகரத்து செய்தாலும், அவள் சிட்டிசன் ஆகும்வரை அவள் செலவு அவர் தலையில்தான் விடியும்.

"முதல்ல சாப்பிடுங்க. வயிறு நிறைஞ்சா கோபம் போயிடும்" என்று இருவரையும் கெஞ்சினார்.

ஞாயிறு தவறாமல் சண்டை வந்தது. கறியும் வந்தது.

அவள் சிட்டிசனான அன்று மாமா வெறுங்கையோடு வந்தார்.

"என் பொறுப்பு தீர்ந்துச்சு. இனி மண்டைய உடைச்சுக்கிட்டாலும் என்னைக் கூப்பிடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே போனார்.

வில்கின் பெருமூச்சு விட்டான். "இனிமே நாம எவ்வளவு நல்லா நடிச்சாலும் கறி வராதேடி."

"ஏன் வராது? அடுத்து, தனியா இருக்குற எங்கம்மாவ வரவழைக்கணும். அதுக்கும் உன் சம்பளம் பத்தாது."

"மாமா இன்னொரு தரம் கையெழுத்துப் போடவா போறாரு?"

"வீடியோ கால்ல எங்கம்மா முகம் தெரிஞ்சாலே மனுஷன் சீப்பத் தேடுறாரே, நீ பாத்ததில்லையா?"